அயலானுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? சீனப் பேரரசைப் பேசும் வரலாற்றுப் புனைவும் தமிழ்ப் புதினமும்

சீனப் பேரரசின் அவையில் ஓர் ஐரோப்பியன் நிற்கும் காட்சி மேலைநாட்டு வரலாற்றுப் புனைவில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்டது. குப்லாய் கான் முன் மார்க்கோ போலோ, மிங் தலைநகருக்குள் நுழைய இசைவு வேண்டிக் காத்திருக்கும் மத்தேயோ ரிச்சி, சிங் மன்னர்க்கு வானநூற் கணக்கும் ஓவியமும் வழங்கிய இயேசு சபைத் துறவியர் என ஆள் மாறுவர். காட்சியின் அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. ஒருவன் வருகிறான், வியக்கிறான், கற்கிறான், ஐயத்துக்கு ஆளாகிறான்; பின்னர் ஊர் திரும்புகிறான், அல்லது அங்கேயே மறைகிறான். படிப்பவர் அவன் கண்வழியே சீனத்தைக் காண்கின்றனர். 1984இல் வெளிவந்த கேரி ஜென்னிங்ஸின் பெரும் புதினமான ‘த ஜர்னியர்’ போலோவின் வாழ்வை இவ்வமைப்பிலேயே விரிக்கிறது. இதாலோ கால்வினோ 1972இல் எழுதிய ‘புலப்படாத நகரங்கள்’ இவ்வமைப்பை ஓரளவு உடைத்தது. அதில் வரும் போலோவுக்குத் தொடக்கத்தில் கானின் அவையில் வழங்கும் மொழி தெரியாது. கையசைவாலும் பொருள்களை எடுத்துக்காட்டியும் தன் செய்தியைச் சொல்கிறான். மொழி தெரியாமை ஒரு கதைப்பொருளாக ஆகும் அந்த இடம் எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஆயினும் கால்வினோவும் அதை இருவருக்கு இடையிலான விளையாட்டாக மாற்றி, மூன்றாம் ஆளை வெளியே நிறுத்திவிட்டார். மூன்றாம் ஆள் மொழிபெயர்ப்பவர். தமிழில் நாம் துபாசி என்று அறிந்தவர்.

அயலானின் பதிவுக்குப் பின்னால் நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரைக் கதைமாந்தராக ஆக்கும்போதுதான் இவ்வகைப் புனைவு வரலாற்றுப் புனைவு என்னும் பெயருக்குத் தகுதி பெறும் என்பதும், அதற்கான வழி தமிழ்ப் புதினத்தில் ஏற்கெனவே திறக்கப்பட்டுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ள ஆமத்தூரில் அமர்ந்து இவ்வகை நூல்களைப் படிப்பவனுக்கு ‘சொல்லிக்கொடுத்தவர் யார்’ என்னும் வினா தானாகவே எழும். பியர் நிக்கோலா தேங்கர்வில் என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1740இல் சீனம் சென்று, 1757இல் பெய்ஜிங்கில் இறந்தார். தாவரவியலில் தேர்ந்தவர். அரசத் தோட்டத்துக்குள் நுழைய அவர் பல்லாண்டு முயன்றும் இயலவில்லை; ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த விதையில் முளைத்த தொட்டாற்சுருங்கிச் செடிகள் இரண்டைச் சியான்லோங் மன்னருக்குக் காட்டியபோது, இலை மடங்குவதைக் கண்டு மன்னர் சிரித்தாராம்; கதவு திறந்தது. (நம் ஊர் வரப்புகளில் காலில் மிதிபடும் செடி ஒரு பேரரசின் தோட்டத்துக்குத் திறவுகோல் ஆன இச்செய்தியை எந்தப் புதின ஆசிரியரும் விடமாட்டார்.) அவர் எழுதியவற்றுள் எனக்கு வேண்டியது வேறொன்று. சீன வாணவேடிக்கையில் பூப்போல் சிதறும் பொறி எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பற்றிய அவருடைய குறிப்பு, அவர் இறந்தபின் 1763இல் பாரிஸில் அச்சேறியது. பயன்படாமற்போன பழைய வார்ப்பிரும்புச் சட்டிகளை உடைத்துப் பொடித்து, சலித்து, பருமன்வாரியாகப் பிரித்து மருந்தில் சேர்க்கும் முறையை அது விளக்குகிறது. ஐரோப்பியர் நெடுநாள் அறிய விரும்பிய தொழில்மறை அது.

பூச்சட்டியிலும் கம்பி மத்தாப்பிலும் இரும்புத்தூளின் வேலை என்ன என்று ஆமத்தூர்ப் பக்கத்தில் பட்டாசு வேலைக்குச் சென்று வந்த எவரும் சொல்லுவர். தூளின் பருமன் பொறியின் அளவை மாற்றும். ஈரம் பட்ட தூள் துருப்பிடித்துக் கெடும். இவை நூலில் பயிலும் அறிவல்ல; பக்கத்தில் நின்று, கையைப் பார்த்துப் பழகும் அறிவு. எனவே தேங்கர்வில்லின் பக்கங்களைப் படிக்கும்போது, அவருக்கு அருகில் சல்லடையுடன் நின்ற பெய்ஜிங் தொழிலாளி ஒருவரை இவ்வட்டாரத்தார் உடனே காண்பர். குறிப்பில் அவருக்குப் பெயரில்லை. தொழில்மறையை அவர் ஏன் சொன்னார்? கூலிக்கா, மதம் மாறியவர் என்பதாலா, அவையின் ஆணைக்கு அஞ்சியா? சொல்லியவற்றுள் எதை மறைத்தார்? தேங்கர்வில்லைத் தலைவராகக் கொண்டு எழுதப்படும் கதை இவ்வினாக்களைக் கடந்து சென்றால், அது செடியும் சிரிப்புமாக முடிந்துவிடும். சீனவெடி, சீனச்சட்டி, சீனி என நாள்தோறும் அந்நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே, சீனப் பட்டாசு இறக்குமதியை எதிர்த்தும் குரல் கொடுக்கும் வட்டாரம் இது. இங்கிருந்து கேட்கப்படும் கேள்வி பாரிஸிலிருந்து கேட்கப்படுவதைவிட வேறாக இருப்பதில் வியப்பில்லை.

ரிச்சிக்கும் இது பொருந்தும். முதலில் பௌத்தத் துறவியின் உடை அணிந்திருந்த அவரைக் கற்றோர் உடைக்கு மாறச் சொன்னவர் சூ தாய்சு என்னும் சீன நண்பர். யூக்ளிடின் வடிவியல் நூலை 1607இல் சீனமொழியில் தந்தபோது ரிச்சி வாயால் சொல்ல, எழுத்தாக்கியவர் சூ குவாங்சி. அதே காலத்தில் 1606இல் மதுரைக்கு வந்து துறவிக்கோலம் பூண்ட இராபர்ட் தெ நொபிலிக்கு வடமொழி பயிற்றியவர் சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணர். நொபிலியைத் தத்துவ போதகர் எனப் போற்றும் நம் நூல்கள் சிவதர்மருக்கு ஒரு வரி ஒதுக்கினால் பெரிது.

இனி மார்க்கோ போலோ. சீனப் பேரரசில் நின்ற ஐரோப்பியருள் தமிழ் ஆய்வாளருக்கு மிக நெருங்கியவர் இவரே. திரும்பும் வழியில், 1292ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாண்டியர் கடற்கரையைக் கண்டவர். மாபார் என்று அராபியர் வழங்கிய பெயராலேயே அவர் நம் நாட்டைக் குறிக்கிறார். காயலைப் பற்றித் தனியே எழுதுகிறார். கால்டுவெல் அக்காயலைத் தாமிரபரணிக் கழிமுகத்துப் பழையகாயலோடு இணைத்துக் காட்டி, அங்குச் சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்ததையும் பதிவுசெய்தார்.

நம் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் போலோவுக்கு உரிய இடம் ஒன்றுதான்: நற்சான்று வழங்குபவர். பாண்டியர் செல்வம், முத்துக்குளிப்பு, துறைமுகச் சிறப்பு ஆகியவற்றுக்கு ‘அயல்நாட்டார் குறிப்பு’ என்னும் தலைப்பின்கீழ் அவர் மேற்கோள் ஆகிறார். அவர் பிறழக் கேட்டவை அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகின்றன. புதினத்துக்கு அப்பிறழ்வுகளே பொன். பாண்டிய மன்னன் கழுத்தில் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த பட்டு நூலொன்றை அணிந்திருந்தான் என்றும், நாளும் 104 முறை ஒரு சொல்லைச் செபித்தான் என்றும் அவர் கூறுகிறார். அச்சொல் அவர் நூலில் ‘பக்கவ்தா’ என்பது போன்ற வடிவில் நிற்கிறது; பகவன் என்னும் சொல்லின் சிதைவு என உரையாளர் கொள்வர். 108 ஏன் 104 ஆயிற்று? எண்ணிச் சொன்னவர் தவறினாரா, கேட்டவர் தவறினாரா, ஏட்டில் பெயர்த்தவர் தவறினாரா? மூன்று பேர் அங்கு நின்றனர் என்பதை அந்த நான்கு எண் குறைவு காட்டிவிடுகிறது. மறுபுறம், ‘சுந்தர பாண்டித் தேவர்’ என்னும் பெயரை அவர் செவி ஏறக்குறைய ஒழுங்காகவே பிடித்திருக்கிறது. காயலில் மக்கள் ஓயாது மெல்லும் இலையைத் தெம்புல் என்று எழுதியிருக்கிறார். தாம்பூலம் காதில் விழுந்திருக்கிறது. கலத்தில் வாய் படாமல் நீரை அண்ணாந்து குடிப்பதையும் கண்டிருக்கிறார். இவை கண்ணும் காதும் நேரே பெற்றவை.

குதிரைச் செய்தி அப்படிப்பட்டதன்று. பாண்டிய நாட்டில் குதிரைகள் பேணுவாரின்றி மடிகின்றன என்றும், ஆண்டுதோறும் விற்பனை நடக்க வேண்டும் என்பதற்காகவே வணிகர் குதிரை மருத்துவரை அங்கு வரவிடுவதில்லை என்றும் போலோ எழுதுகிறார். குதிரைக்குத் தகாத தீனி தரப்படுவதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும் கூறுகிறார். இருவர் நூலிலும் ஒரே முறையீடு வருவதால், அது வளைகுடாக் குதிரை வணிகர் தமக்குள் பேசிச் சிரித்த பேச்சு எனக் கொள்வது பொருத்தம். போலோ பாண்டிய நாட்டைக் கண்டது பெரிதும் அவ்வணிகர் வாய்வழியே. அவர் சீனத்து ஊர்ப்பெயர்களைக்கூடப் பாரசீக வழக்கிலேயே எழுதியவர் என்பதை நினைக்க வேண்டும். வணிகர் தம் மறைசெயலை ஒரு வெனிசியனிடம் உளறிய அந்த இரவு விருந்து, நம் புதினங்களில் வரும் நூறு போர்க்களங்களைவிட மேலான காட்சி ஆகும் என்பேன்.

கடன்காரனைச் சுற்றி வட்டம் வரையும் வழக்கத்தை அவர் கூறுவதும் இத்தகையதே. கடன் கொடுத்தவன் வட்டம் வரைந்துவிட்டால், கடன்பட்டவன் பணம் தராமல் அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கடுந்தண்டனை. அயல்நாட்டு வணிகன் ஒருவன் குதிரைமேல் வந்த மன்னனையே அவ்வாறு வளைத்ததையும், மன்னன் கடனைத் தீர்க்கும்வரை அசையாது நின்றதையும் தாமே கண்டதாகப் போலோ சொல்கிறார். நம் ஆய்வேடுகள் இதைப் பாண்டியர் நீதிவழுவாமைக்குச் சான்றாக்குகின்றன. யார் சொன்ன கதை இது என்று கேட்டால் வேறு பொருள் புலப்படும்: அயல்வணிகருக்கு மன்னன் எவ்வளவு கடன்பட்டிருந்தான், அவ்வணிகர் தம் வலிமையைப் பற்றி எத்தகைய கதைகளைச் சொல்லிக்கொண்டனர் என்பவை. போலோவின் நூலே 1298இல் ஜெனோவாச் சிறையில் ருஸ்திகெல்லோ என்பவர் எழுதியது. அவர் ஆர்தர் மன்னன் கதைகளை எழுதிய புனைவாசிரியர். அந்நூலைச் சான்றிதழாக மடித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ் வரலாற்றுப் புதினம் அயலாரை எவ்வாறு கையாண்டுள்ளது? சாண்டில்யனின் ‘யவன ராணி’யில் வரும் அயலாள் தமிழ்ப் படைத்தலைவன்மீது காதல் கொள்கிறாள்; ‘கடல் புறா’வில் வரும் சீனக் கடற்கொள்ளைத் தலைவன் அகூதா தலைவனுக்குக் கடற்போர் கற்பிக்கிறான். இருவரும் சுவையான மாந்தர். என் தலைமுறை அவர்களை வார இதழ்த் தொடர்களைப் பிரித்துத் தைத்த கட்டுகளில் படித்து வளர்ந்தது. ஆயின் அவர்கள் தமிழ்த் தலைவனின் பெருமைக்கு அளவுகோல்கள். போலோவை ஆய்வேடு எதற்குப் பயன்படுத்துகிறதோ அதற்கே இப்புதினங்கள் யவனியைப் பயன்படுத்துகின்றன.

பிரபஞ்சன் இவ்வழியை விட்டு விலகினார். 1736 முதல் 1761 வரையான ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டு அவர் எழுதிய ‘மானுடம் வெல்லும்’, சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய இரண்டிலும் துய்ப்ளே துபாசியின் திண்ணையிலிருந்து காணப்படுகிறார். பிரெஞ்சு ஆளுநரின் சினம், அவர் மனைவியின் தலையீடு, யாருக்கு எவ்வளவு கையூட்டு என்பன எல்லாம் மொழிபெயர்ப்பவரின் கணக்கேட்டு வழியே வருகின்றன. ஐரோப்பியன் விளக்கப்படுபவனாகிறான், விளக்குபவர் தமிழர், அவரும் தூயவரல்லர். ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013) எதிர்த்திசையில் சென்றது. பெரும்பஞ்சக் காலச் சென்னையை எய்டன் என்னும் ஐரிஷ் காவல் அதிகாரியின் கண்வழியே அது காட்டுகிறது; ஆனால் அவனுக்குப் பார்க்கக் கற்பிப்பவனாகக் காத்தவராயன் இருக்கிறான். கண் அயலானுடையதாயினும் விரல் சுட்டுபவன் உள்ளூரான். சீனப் பேரரசைப் பற்றிய மேலைப் புனைவுகளில் இத்தகைய காத்தவராயர்கள் பெரும்பாலும் ஏவலராகவோ காதலியராகவோ குறுகிவிடுகின்றனர். தமிழ்ப் புதினம் இங்கு அவற்றுக்கு முன்னே நிற்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இத்திறனைக் காயலுக்கும் சீனத்துக்கும் கொண்டுசெல்ல நம்மிடம் பொருள் உண்டு; மார்க்கோ போலோவினும் வளமான பொருள் அது. 1281ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு, சக ஆண்டு 1203 சித்திரையில், சீனத்துத் துறைமுகமான சுவான்சௌவில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்து, கானின் நலம் வேண்டித் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார். கானின் ஆணைப்படி அது நிகழ்ந்தது என்பதையும் கல் கூறுகிறது. அடியில் சீன எழுத்தும் உண்டு. 1956இல் கிடைத்த அக்கல்லைத் தி. நா. சுப்பிரமணியனும் பின்னர் நொபொரு கராசிமாவும் ஆராய்ந்துள்ளனர். போலோ சைத்தூன் என்று வழங்கிக் கப்பலேறிய துறை அதுவே. அவர் புறப்பட்டதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே அங்கு ஒரு தமிழர் தம் எழுத்தை நட்டுவிட்டார்.

அதே 1281இன் தொடக்கத்தில் அத்துறையிலிருந்து யாங் திங்பி என்னும் யுவான் தூதர் கொல்லம் நோக்கிப் புறப்பட்டார். காற்று துணைசெய்யாமையால் மாபார்க் கரையில் இறங்கித் தரைவழி கேட்டார், மறுக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்ததை யுவான் வரலாறு பதிவுசெய்துள்ளது. உள்ளூர் அமைச்சர் இருவர் தூதரின் தங்குமிடத்துக்கு மறைவாக வந்தனர். தாம் பேரரசருக்குப் பணிய விழைந்ததை அரசர் அறிந்து, தம் பொன்னையும் நிலத்தையும் மனைவியரையும் கைப்பற்றிக் கொல்லவும் எண்ணினார் என்றும், பொய் சொல்லித் தப்பியதாகவும் அவருள் ஒருவர் கூறினார். உடன்பிறந்த அரசர் ஐவரும் ஓரிடத்தில் கூடிக் கொல்லத்தின்மீது போர் தொடுக்க ஆராய்வதாகவும் சொன்னார். அவ்விடத்தின் பெயரைச் சீன எழுத்து ‘சியாயி’ என்று தருகிறது. காயல் என அடையாளம் காண்பர். போலோவும் ஐந்து உடன்பிறந்தோர் என்றே எழுதினார் என்பதை நினைவுகொள்க.

மறைவில் வந்தவருள் ஒருவர் பெயர் பூ அலி. லியூ மின்சோங் எழுதிய கல்லறை வாசகம் ஒன்று இவரைப் பற்றியது என ஆய்வாளர் கருதுவர். இயற்பெயர் சையிது, முன்னோர் ஓமான் கடற்கரையின் கல்ஹாத்திலிருந்து மாபாருக்குக் குடிவந்தோர். இவர் தந்தையைப் பாண்டியர் ஐவரும் ஆறாம் உடன்பிறந்தான் என அழைத்தனராம். தந்தைக்குப்பின் அந்நிலை இவருக்கு வந்தது. 1291இல் குப்லாய் அழைக்க, நூறு பேருடன் புறப்பட்டுச் சீனம் சென்றார். மனைவி மக்களை விட்டுச் சென்றார். ஏறத்தாழ அதே காலத்தில் போலோ எதிர்த்திசையில் கப்பலேறிக்கொண்டிருந்தார். தலைநகரில் கான் இவருக்குக் கொரிய உயர்குடிப் பெண் ஒருத்தியை மணமுடித்தார். அப்பெண் அதற்குமுன் சங்கா என்னும் பேரமைச்சருக்குக் கொடுக்கப்பட்டிருந்தவள். அவர் 1291இல் கொலைத்தண்டனை பெற்றார். 1299இல் பூ அலி இறந்தார். உடல் சுவான்சௌவில் அடக்கம் செய்யப்பட்டது.

இவர் தமிழரா என்று கேட்பவர் உண்டு. கருத்தரங்குகளில் அக்கேள்வி எழுவதைக் கேட்டிருக்கிறேன். அது வரலாற்றுப் புதினத்துக்கு உதவாத கேள்வி. அராபிய வழி வந்த குடும்பம், காயலில் அரசருக்கு உடன்பிறந்தார் முறை, சீனத் தலைநகரில் விருந்தாளி: மூன்றிடத்திலும் அயலார், மூன்றிடத்திலும் சொல்லிக்கொடுப்பவர். ஆனந்தரங்கருக்கு நானூற்றைம்பது ஆண்டு முந்திய துபாசி ஒருவரை இக்கரை பெற்றிருந்தது என்பதைத் தமிழ்த்துறைகள் கண்டுகொள்ளாமைக்குக் காரணம், அவர் அரசரைக் காட்டிக்கொடுத்தவர் என்பதாகவும் இருக்கலாம். காட்டிக்கொடுத்தவரைத் தலைவராக்க நம் வரலாற்றுப் புதினம் பழகவில்லை. ப. சிங்காரம் மெடானிலும் பினாங்கிலும் திரிந்த தமிழரை வீரமும் சிறுமையும் கலந்தே எழுதிக்காட்டியபின்பு, அப்பழக்கமின்மை ஒரு சாக்காக நிற்க முடியாது.

மூலங்கள் சீனமொழியில் உள்ளன என்னும் தடை உண்மையானது. யுவான் வரலாற்றின் மாபார்ப் பகுதி சில பக்கங்களே. கல்லறை வாசகம் அதனினும் சிறிது. இரண்டையும் மூலத்திலிருந்து தமிழாக்கி, குறிப்புரையுடன் வெளியிடுவது ஒரு துறை ஓராண்டில் முடிக்கக்கூடிய பணி. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான்களை அகழ்ந்தெடுத்த தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முன்மாதிரி நம் கண்முன் உள்ளது. ‘புதினத்தில் வரலாற்று உண்மைகள்’ என்று கல்வெட்டோடு கதையை ஒப்பிட்டுச் சரி, தவறு போடும் ஆய்வேடுகள் போதிய அளவு வந்துவிட்டன. எழுத முனையும் புதின ஆசிரியருக்கு மூலத்தை எடுத்துத் தரும் பணி எஞ்சியுள்ளது.

கொரிய வரலாற்றேடு ஒரு சிறு செய்தியைத் தருகிறது. 1298இல், இறப்பதற்கு ஓராண்டு முன், பூ அலி தம் மனைவி பிறந்த நாட்டு அரசருக்குக் காணிக்கை அனுப்பினார்: வெள்ளியிழைத் தொப்பி, பொன்வேலை செய்த கைத்துணி, அகில், நாட்டுத்துணி இரண்டு சுருள். அத்துணி எந்நாட்டுத் தறியில் நெய்யப்பட்டது, ஏழாண்டு அவர் பெட்டியில் கிடந்து வந்ததா, அதை எடுத்து மடித்த கொரியப் பெண்ணுக்கு அவர் அதன் பெயரை எம்மொழியில் சொன்னார் என்பவற்றை ஏடு கூறவில்லை.